மகசூலைக் குறைத்துப் பெயரைக் காத்த திராட்சை உழவர்கள்

திராட்சை சாகுபடிப் பயிற்சி ஒன்றில் போர்டோ கலவை தயாரிக்கும் முறையைச் செய்து காட்டிக் கொண்டிருந்தேன். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். ஒரு சதவீதக் கலவை தயார். அப்போது முன் வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இருபது வருசமா இதை அடிக்கிறேன் சார். போர்டோன்னா என்னங்க? மருந்தோட பேரா, கண்டுபிடிச்சவர் பேரா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போர்டோ என்பது பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு நகரம். அதைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, பார்ப்பதற்கு விஷம் போலத் தோன்றட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்பது வழக்கம். 1882-ஆம் ஆண்டில் அடிச்சாம்பல் நோய் கடுமையாகப் பரவியபோது, அந்தச் சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பசுமையாக நிற்பதை மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். 1885-இல் கலவையின் முறையை வெளியிட்டார். திருடனுக்குப் போட்ட வேலி பயிருக்கு மருந்தாயிற்று.

அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, பிரெஞ்சுத் திராட்சை உழவர்களிடமிருந்து நாம் பெற்றது போர்டோ கலவை ஒன்றுதானா என்று எண்ணிப் பார்த்தேன். ஒட்டுக் கட்டிய திராட்சைக் கொடியும் அங்கிருந்துதான் வந்தது. ஊரின் பெயரைச் சட்டப்படி காத்து, அந்தப் பெயருக்கு விலை பெறும் முறையும் அங்கே உருவானதுதான். இவை எல்லாம் ஒருசேர விளங்க வேண்டுமானால், ஒரே ஒரு பண்ணையையும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தையும் எடுத்துக் கொண்டு பார்ப்பது நல்லது. அதற்கு இங்கே எடுத்துக் கொண்டது, தென் பிரான்சில் ரோன் நதிக்கரையில் உள்ள ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற வட்டாரம். பண்ணை, அங்குள்ள போகாஸ்தெல்.

அங்கே விளையும் திராட்சை ஒயின் எனப்படும் திராட்சை மதுவாக ஆக்கப்படுகிறது. மதுவை உயர்த்திப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. பழத்தை விளைவிக்கும் உழவர் தம் நிலத்தையும் பெயரையும் எவ்வாறு காத்துக் கொண்டார் என்பதே நமக்கு வேண்டியது.

இடமும் மண்ணும்

அவிஞ்ஞோன் நகருக்கும் ஒராஞ்ச் நகருக்கும் இடையே ரோன் நதியின் கிழக்குக் கரையில் இந்த வட்டாரம் உள்ளது. 1309 முதல் 1377 வரை கத்தோலிக்க சமயத் தலைவரான போப்பாண்டவர் ரோமாபுரியை விட்டு அவிஞ்ஞோனில் தங்கியிருந்தார். அவர்களுள் இருபத்திரண்டாம் ஜான் என்பவர் அருகிலிருந்த குன்றின் மேல் கோடைக் கோட்டை ஒன்றைக் கட்டினார். 'போப்பின் புதுக்கோட்டை' என்பதே ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற பெயரின் பொருள். அதற்கு முன் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர் என்ற பொருளில் வேறு பெயரால் வழங்கிய அவ்வூர், 1893-இல்தான் அதிகாரப்பூர்வமாக இப்பெயரை ஏற்றது.

ஐந்து ஊர்களின் எல்லைக்குள் சுமார் 3,200 எக்டர் பரப்பில் திராட்சை உள்ளது. மண்ணைப் பார்த்தால் நம் உழவர்கள் இதில் என்ன விளையும் என்று கேட்பார்கள். பல வயல்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடி அளவு முதல் தேங்காய் அளவு வரையுள்ள வழவழப்பான கூழாங்கற்கள் நிலம் முழுவதும் பரவிக் கிடக்கும். பண்டைக்காலத்தில் நதி உருட்டி வந்து சேர்த்தவை அவை. கல்லுக்குக் கீழே செம்மண் கலந்த களி இருக்கிறது. பகல் வெயிலில் சூடேறும் கற்கள் இரவில் அந்த வெப்பத்தை மெல்ல வெளிவிடுகின்றன. மண்ணின் ஈரம் ஆவியாகாமல் மூடாக்குப் போலவும் காக்கின்றன. எல்லா வயலும் இப்படிப்பட்டதன்று. மணற்பாங்கான நிலமும் சுண்ணாம்பு மண்ணும் அங்கே உண்டு.

ஆண்டு மழையளவு சுமார் 700 மில்லிமீட்டர். பெரும்பகுதி இலையுதிர் காலத்தில் பெய்துவிடும், கோடை வறண்டிருக்கும். வடக்கிலிருந்து மிஸ்திரல் என்ற வறண்ட காற்று பலமாக வீசும். இளங்குருத்தை முறிக்கும் அளவுக்கு வேகம் இருந்தாலும், மழைக்குப் பின் இலையையும் குலையையும் விரைவில் உலர்த்திவிடுவதால் பூசண நோய்கள் குறைகின்றன. காற்றோட்டமே முதல் நோய்த்தடுப்பு என்று நாம் பந்தலில் கிளைகளைக் களைந்துவிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரே கவாத்து, ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை எடுக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையே வருமானம் என்பதால், அந்த ஒரு அறுவடையின் தரம் தவறினால் அங்குள்ள உழவருக்கு அடுத்த வாய்ப்பு பன்னிரண்டு மாதம் கழித்துத்தான்.

பண்ணையின் வரலாறு

வட்டாரத்தின் வடகிழக்கே கூர்த்தெசோன் ஊரை ஒட்டிப் போகாஸ்தெல் பண்ணை உள்ளது. 1549-இல் பியேர் தெ போகாஸ்தெல் என்பவர் இங்கு ஒரு களஞ்சியத்தையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கியதாகப் பதிவு உள்ளது. பண்ணையின் பெயர் அவர் குடும்பத்திலிருந்து வந்தது. பின்பு பலர் கைமாறியது. 1909-இல் பியேர் திராமியே என்பவர் இதை வாங்கினார். அவருக்குப் பின் மருமகன் பியேர் பெரான், அவர் மகன் ஜாக் பெரான், அடுத்து ஜாக்கின் மக்கள் ஜான்-பியேர், பிரான்சுவா, இப்போது அவர்களுடைய பிள்ளைகள் என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பம் நடத்தி வருகிறது. திராட்சை மட்டும் ஏறத்தாழ 100 எக்டர்.

நூறு எக்டர் என்றவுடன், 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்' என்று இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்த வட்டாரத்தில் இது பெரிய பண்ணைகளில் ஒன்று. மற்றவற்றில் பெரும்பாலானவை சில எக்டர் மட்டுமே கொண்டவை. பெரிய பண்ணைக்கும் சிறிய பண்ணைக்கும் அங்கே ஒரே விதிதான். அந்த விதி எப்படி வந்தது என்பதை அறிய இரண்டு பெருந்துன்பங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதல் துன்பம்: வேரைத் தின்ற பூச்சி

1862-இல் இவ்வட்டாரத்துக்கு நேர் எதிரே, ரோன் நதியின் மேற்குக் கரையில் உள்ள ரோக்மோர் என்ற ஊரில் ஒரு வணிகர் அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைக் கொடிகளைத் தம் தோட்டத்தில் நட்டார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊர்த் தோட்டங்களில் காரணம் தெரியாமல் கொடிகள் பட்டுப்போகத் தொடங்கின. இலை மஞ்சளாகும், உதிரும். மறு ஆண்டு கொடி சாகும். ஒரு கொடியிலிருந்து சுற்றியுள்ள கொடிகளுக்கு வட்டமாகப் பரவும். சில ஆண்டுகளில் நதியைத் தாண்டி ஷாத்தோநெஃப் தோட்டங்களும் அழிந்தன.

செத்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் அழுகிய வேரைத் தவிர ஒன்றும் காணவில்லை. 1868 ஜூலையில் மோன்பெலியே நகரிலிருந்து பிளான்ஷோன் என்ற பேராசிரியரும் அவருடன் இருவரும் வந்து பார்த்தனர். அவர்கள் செத்த கொடியோடு நிறுத்தவில்லை. பக்கத்தில் நலமாகத் தோன்றிய கொடியையும் பிடுங்கினர். அதன் வேரில் மஞ்சள் நிறத்தில் பொடிப் பொடியாக அசுவினி போன்ற பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருந்தன. கொடி சாகத் தொடங்கியவுடன் பூச்சி அதை விட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவதால்தான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இதுவே ஃபில்லாக்சிரா. வாடிய செடியைக் கொண்டுவந்து காட்டும் உழவர்களிடம், பக்கத்திலுள்ள நல்ல செடியையும் வேரோடு கொண்டு வாருங்கள் என்று நாங்கள் கேட்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

மருந்து கண்டுபிடிப்பவருக்குப் பிரெஞ்சு அரசு மூன்று லட்சம் பிராங்கு பரிசு அறிவித்தது. மண்ணில் கார்பன் டைசல்ஃபைடு என்ற திரவத்தை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். ஓரளவு பலன் கிடைத்தாலும் செலவு மிகுதி. குளிர்காலத்தில் நாற்பது நாள் தோட்டத்தில் நீரைத் தேக்கிப் பூச்சியை மூழ்கடித்தார்கள். சமவெளியில் இது பலித்தது, மேட்டு நிலத்தில் நடக்கவில்லை. பரிசுத் தொகையை எவரும் பெறவில்லை.

தீர்வு மருந்தில் கிடைக்கவில்லை, வேரில் கிடைத்தது. பூச்சி வந்த அமெரிக்காவிலேயே காட்டுத் திராட்சைகள் அதனோடு வாழ்ந்து வந்தன. பூச்சி குத்திய இடத்தில் அவற்றின் வேர் தக்கை போன்ற திசுவை வளர்த்துக் காயத்தை மூடிக் கொள்ளும். பழமோ பிரெஞ்சு இரகத்தின் தரத்துக்கு வராது. ஆகவே அமெரிக்கக் கொடியை வேர்ச்செடியாக வைத்து, அதன் மேல் பிரெஞ்சு இரகத்தின் ஒட்டுக்குச்சியைக் கட்டினார்கள். வேர் ஒன்று, பழம் ஒன்று. சுண்ணாம்பு மண்ணில் சில வேர்ச்செடிகள் மஞ்சளித்தபோது, 1887-இல் வியாலா என்ற அறிஞர் அமெரிக்கா சென்று, டெக்சாஸ் மாநிலத்தில் மன்சன் என்ற நாற்றங்கால் உரிமையாளரின் துணையோடு சுண்ணாம்பைத் தாங்கும் காட்டு இனத்தைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் பிரான்சு முழுவதும் ஒட்டுக்கொடிகளே நடப்பட்டன.

இந்த வரலாறு நமக்குத் தூரத்துச் செய்தியன்று. இந்தியாவில் திராட்சைக்குப் பரவலாகப் பயன்படும் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி அதே மன்சன் டெக்சாஸ் காட்டுக் கொடிகளிலிருந்து தெரிவு செய்தது. நாம் அதை நாடுவது பெரும்பாலும் வறட்சி, உவர்நீர், நூற்புழு ஆகியவற்றைத் தாங்கும் திறனுக்காக. பிரெஞ்சு உழவர் கடைப்பிடிக்கும் ஒரு விதியை நாமும் மறக்கக் கூடாது. ஒட்டுப் பகுதி எப்போதும் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண் அணைக்கும்போது ஒட்டு மூடப்பட்டால் மேல் கொடி தானே வேர் விட்டுவிடும். பிறகு வேர்ச்செடிக்குச் செலவழித்தது வீண். அப்படி வேர் கிளம்பியிருந்தால் உடனே வெட்டிவிட வேண்டும்.

இரண்டாவது துன்பம்: பெயர் திருட்டு

பூச்சியை வென்றவர்களுக்கு அடுத்த அடி சந்தையில் விழுந்தது. தோட்டங்கள் அழிந்திருந்த காலத்தில் வணிகர்கள் சர்க்கரைக் கரைசலைக் கொண்டும் உலர் திராட்சையைக் கொண்டும் போலி மது செய்யப் பழகிவிட்டனர். புதுத் தோட்டங்கள் விளைச்சலுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. அதோடு சமவெளிகளில் அதிக மகசூல் இரகங்களை நட்டு அளவின்றி விளைவித்தார்கள். விலை தரைமட்டத்துக்கு வீழ்ந்தது. 1907-இல் தென் பிரான்சுத் திராட்சை உழவர்கள் கொதித்தெழுந்தனர். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் பல லட்சம் பேர் கூடினர். நார்போன் நகரில் படை சுட்டதில் உயிர்கள் பலியாயின. அம்மாத இறுதியில் சர்க்கரையும் நீரும் கலப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

சட்டம் கலப்படத்தைத் தடுத்தது. ஆனால் ஷாத்தோநெஃப் உழவர்களின் குறை வேறு. அவர்கள் சரக்கை வணிகர்கள் மலிவாக வாங்கி, வேறு வட்டாரத்து மதுவுக்குச் சத்தேற்றக் கலந்து வந்தனர். இன்னொரு புறம், எங்கோ விளைந்த சரக்கு ஷாத்தோநெஃப் என்ற பெயரில் விற்கப்பட்டது. விளைவிப்பவருக்குத் தம் ஊரின் பெயர் மேல் உரிமை இல்லை.

அவர்கள் ஃபோர்த்தியா பண்ணையைச் சேர்ந்த, சட்டம் படித்தவரான லெ ருவா பிரபுவை அணுகினர். 1923-இல் அவர் தலைமையில் உழவர் சங்கம் விதிகளை வகுத்தது. பெயரைத் திருடுபவர்கள் மேல் வழக்குத் தொடுப்பதற்கு முன், பெயருக்குரியவர்கள் தங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக் கொண்டார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவ்விதிகளின் சாரம் வருமாறு:

1. எல்லை: லவண்டர், தைம் ஆகிய இரு வாசனைச் செடிகளும் இயற்கையாக வளரக்கூடிய வறண்ட நிலம் மட்டுமே எல்லைக்குள் சேரும். வளமான, ஈரம் மிகுந்த வண்டல் நிலம் சேராது.

2. இரகம்: குறிப்பிட்ட இரகங்களை மட்டுமே நடலாம். 1936-இல் இவை பதின்மூன்று என நிலைபெற்றன.

3. கவாத்து: கொடியை எவ்வாறு கவாத்து செய்வது என்பதும் விதியில் அடங்கும்.

4. முதிர்ச்சி: மதுவில் இயற்கையான சாராய அளவு குறைந்தது 12.5 சதவீதம் இருக்க வேண்டும். பழச்சாற்றில் லிட்டருக்குச் சுமார் 210 கிராம் சர்க்கரை ஏறினால்தான் இது கிட்டும். அதாவது பழம் முழுதும் பழுக்கும் முன் பறிக்க முடியாது.

5. தரம் பிரித்தல்: அறுவடையில் குறைந்தது ஐந்து சதவீதத்தைக் கழித்து ஒதுக்கியே ஆக வேண்டும். நல்ல ஆண்டானாலும் கழிவு இல்லை என்று சொல்ல இயலாது.

முதல் விதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வளமான நிலம் வைத்திருந்தவரே எல்லைக்கு வெளியே போனார். ஊருக்குள் எவ்வளவு வருத்தம் எழுந்திருக்கும் என்பதை, வாய்க்கால் தகராறு பார்த்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்குகள் பல ஆண்டு நடந்து, 1933-இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று உழவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1935-இல் நாடு முழுவதற்கும் இத்தகைய சட்டம் பிறந்தது. 1936-இல் அச்சட்டப்படி முதலில் அங்கீகாரம் பெற்ற வட்டாரங்களுள் ஷாத்தோநெஃப்-து-பாப் ஒன்று.

இன்று அங்கே எக்டருக்கு அனுமதிக்கப்படும் விளைச்சல் 35 எக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர். பழமாகக் கணக்கிட்டால் எக்டருக்கு ஏறத்தாழ ஐந்து டன், ஏக்கருக்கு இரண்டு டன். பன்னீர் திராட்சையில் எக்டருக்கு 30 டன் வரை எடுக்கக்கூடிய நமக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். கொடியில் குலைகள் குறைந்தால் இருக்கும் குலைகளுக்குச் சத்தும் சர்க்கரையும் கூடும் என்பது பயிர் உண்மை. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதால் சந்தையில் சரக்கு குவிவதில்லை என்பது வணிக உண்மை. இரண்டும் சேர்ந்தே விலையைத் தாங்குகின்றன.

போகாஸ்தெல் பண்ணையில் சாகுபடி முறை

கொடி வளர்ப்பு: இவ்வட்டாரத்தில் பந்தல் கிடையாது. கிரெனாஷ் போன்ற இரகங்களைக் குட்டையான ஒற்றைத் தண்டில், கிண்ணம் போல் நாலைந்து கிளை விரிய வளர்க்கிறார்கள். குளிர்காலக் கவாத்தில் ஒவ்வொரு கிளை முனையிலும் இரண்டு கண்கள் உள்ள சிறு குச்சியை மட்டும் விடுவார்கள். குட்டையாக இருப்பதால் மிஸ்திரல் காற்று கொடியைச் சாய்ப்பதில்லை. கற்களின் சூடும் குலைக்கு எட்டுகிறது. தழை, குலைக்குக் கடும் வெயிலில் நிழல் தருகிறது.

இரகங்கள்: பலர் கிரெனாஷ் ஒன்றையே பெருமளவு நம்பியிருக்க, இப்பண்ணையில் பதின்மூன்று இரகங்களும் உண்டு. குறிப்பாக மூர்வெத்ர் என்ற தாமத இரகத்தையும் கூனுவாஸ் என்ற அரிய இரகத்தையும் அதிகம் வைத்துள்ளனர். அந்தந்த இரகத்தைப் பழுக்கும் போது தனித்தனியே பறித்து, தனியே நொதிக்க வைத்துப் பின்னர் கலக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் கோடை வெப்பம் கூடி வருவதால் கிரெனாஷில் சர்க்கரை அளவுக்கு மீறி ஏறுகிறது. தாமதமாகப் பழுக்கும் இரகங்களை வைத்திருப்பவர்களுக்கு அதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. ஒரே இரகத்தில் முழு நிலத்தையும் போடாதீர்கள் என்று நெல்லுக்கும் வாழைக்கும் நாம் சொல்வது இதைத்தான்.

உரம்: 1950-இல் ஜாக் பெரான் இரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் நிறுத்தினார். போருக்குப் பின் எல்லோரும் அவற்றை நோக்கி ஓடிய காலம் அது. ஆட்டு எருவையும் திராட்சைச் சக்கையையும் மட்க வைத்து நிலத்தில் இடுகிறார்கள். 1974 முதல் உயிராற்றல் வேளாண்மை என்னும் முறையையும் மேற்கொண்டுள்ளனர்.

நிலத்துக்கு ஓய்வு: ஆண்டுதோறும் ஓரிரு எக்டர் முதிய கொடிகளை அகற்றி, அதே அளவு பரப்பில் புதுக்கொடி நடுகிறார்கள். ஆனால் அகற்றிய இடத்திலேயே அல்ல. குறைந்தது பத்து ஆண்டு திராட்சையின்றி வேறு பயிரோ ஓய்வோ கண்ட நிலத்தில்தான் புது நடவு. இதனால் பழைய வேரில் தங்கிய நூற்புழுவும் அது பரப்பும் நச்சுயிரி நோயும் புதுக் கொடிக்குத் தொற்றுவது குறைகிறது. நமக்குப் பத்து ஆண்டு நிலத்தை விட்டுவைக்க இயலாது. ஆயினும் பழைய கொடியைப் பிடுங்கிய அதே குழியில் மறு மாதமே கன்று வைப்பதையாவது தவிர்க்கலாம். ஒரு பருவம் பசுந்தாள் உரப்பயிரோ சிறுதானியமோ போட்டு எடுத்த பின் நடுவது நல்லது.

நீர்: பாய்ச்சுவது வழக்கமில்லை. கடும் வறட்சியில் மட்டும் அனுமதி பெற்றுப் பாய்ச்சலாம். வேர் ஆழமாகப் போவதால் கொடி தாங்குகிறது.

பயிர்ப் பாதுகாப்பு: இரசாயனத்தை நிறுத்தியவர்களுக்கும் கைவசம் உள்ள முக்கிய மருந்துகள் கந்தகமும் போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகளுமே. தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பிய நாடுகளில் ஏழு ஆண்டுகளில் எக்டருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் இடக்கூடாது என 2019-இல் வரம்பு விதிக்கப்பட்டது. போர்டோ கலவையை இயற்கை மருந்து என்று எண்ணி நாமும் அளவின்றி அடிக்கக் கூடாது.

இயற்கை முறை என்றால் இடர் இல்லை என்றும் கருத வேண்டாம். 2018 வசந்த காலத்தில் மழை விடாது பெய்து, ரோன் தென்பகுதியில் அடிச்சாம்பல் நோய் கடுமையாகத் தாக்கியது. கிரெனாஷ் பூங்கொத்துகள் கருகின. ஊடுருவும் மருந்து பயன்படுத்தாத இயற்கைத் தோட்டங்களில் இழப்பு அதிகம்.

அறுவடை: ஷாத்தோநெஃப் முழுவதும் இயந்திர அறுவடைக்குத் தடை. ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை கையால் பறிக்கிறார்கள். பறிக்கும் போதே அழுகல், பழுக்காதவை ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். போகாஸ்தெல்லில் காம்பு நீக்கிய கறுப்புத் திராட்சையின் தோலைச் சிறிது நேரம் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி உடனே குளிர்விக்கும் முறையை ஜாக் பெரான் புகுத்தினார். நிறமும் மணமும் நன்கு இறங்குகின்றன. சாற்றைக் கெடுக்கும் நொதிகளும் செயலிழக்கின்றன. ஆகவே கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டைஆக்சைடு குறைவாகவே தேவைப்படுகிறது.

சாலைக்கு இப்புறமும் அப்புறமும்

போகாஸ்தெல்லின் ஓரமாக ஏ-7 என்ற நெடுஞ்சாலை செல்கிறது. சாலையின் மறுபுறம் கூதுலே என்ற இடத்தில் இக்குடும்பத்துக்கு வேறொரு தோட்டம் உண்டு. அங்கும் அதே போன்ற கூழாங்கல் நிலம், அதே எரு, அதே ஆட்கள். ஆனால் அது ஷாத்தோநெஃப் எல்லைக் கோட்டுக்கு வெளியே உள்ளது. ஆகவே அதில் விளைந்ததை ரோன் கரை என்ற பொதுப் பெயரில், குறைந்த விலைக்கே விற்க வேண்டும். சாலையின் குறுக்கே நான்கு வண்டிப் பழத்தை ஓட்டி வந்து இப்புறத்துப் பழத்தோடு கொட்டினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கைக்கு வரும் பணம் மட்டும் கூடும். ஆனால் சாலை கடந்து ஒரு வண்டி வந்தால் மறு ஆண்டு பக்கத்துப் பண்ணைக்கு நாற்பது மைல் தூரத்திலிருந்து வண்டி வரும். அதன்பின் பெயருக்கு மதிப்பிராது. எனவேதான் ஒவ்வொருவருடைய பரப்பும் விளைச்சலும் ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டுப் பதிவாகின்றன.

சிறு உழவருக்கு என்ன வழி?

மது தயாரிக்கும் தொட்டியும் பாதாள அறையும் சிறு உழவரால் கட்ட முடியாது. கூர்த்தெசோனில் 1925-இல் தொடங்கிய கூட்டுறவு நிலையம் ஒன்று இன்றும் இயங்குகிறது. உறுப்பினர் பழத்தைக் கொண்டு வந்து கொடுக்கிறார். தயாரிப்பும் விற்பனையும் சங்கத்தின் பொறுப்பு. ஊரின் பெயர் பெரிய பண்ணைக்கு எவ்வளவு சொந்தமோ, சங்கத்தில் பழம் போடுபவருக்கும் அவ்வளவு சொந்தம்.

நிலம் துண்டாவது அங்கும் உள்ள சிக்கல். பிரெஞ்சுச் சட்டப்படி சொத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. மூன்று தலைமுறையில் தோட்டம் கீற்றுக் கீற்றாகப் போய்விடும். இதைத் தவிர்க்க, நிலத்தை ஒரு குடும்ப அமைப்பின் பெயரில் வைத்து, வாரிசுகளுக்கு நிலமாக அல்லாமல் பங்குகளாகப் பிரித்துத் தரும் ஏற்பாட்டுக்கு 1970-இல் அங்கே சட்டம் செய்தார்கள். வரப்பு போடாமல் உரிமை மட்டும் பிரிகிறது. யார் சாகுபடி செய்வது, மற்றவர்களுக்கு என்ன பங்கு என்பது எழுத்தில் இருக்கும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கிணற்றுக்கும் பாதைக்கும் வழக்காடி நிலத்தைத் தரிசாகப் போட்ட குடும்பங்களை நம் ஊர்களில் காணாதவர் இல்லை. பாகம் பிரிப்பதற்கு முன், சேர்ந்து சாகுபடி செய்ய வழி உண்டா என்று ஒருமுறை உட்கார்ந்து பேசுவதில் நட்டமில்லை.

நாம் கொள்ள வேண்டியவை

நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் குறியீடு கிடைத்தது. அந்த இரகத்தைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுகிறது. கொடி அங்கிருந்து வந்தது. பெயரைக் காக்கும் சட்டத்தின் கருத்தும் அந்நாட்டில்தான் வேரூன்றியது. ஆனால் சட்டம் தருவது வேலி மட்டுமே. வேலிக்குள் என்ன விளைகிறது என்பது உழவர் கையில் உள்ளது. ஆகவே,

1. புவிசார் குறியீடு பெற்ற பொருளை விளைவிக்கும் ஊர்களில் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, குறைந்தபட்ச முதிர்ச்சி, குலையின் தரம், கழிவு நீக்கம் ஆகியவற்றைத் தாங்களே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

2. விலை ஏறிய வாரத்தில் பழுக்காத குலையை வெட்டி அனுப்பினால் அன்றைய பணம் ஒருவருக்கு, கெட்ட பெயர் ஊருக்கு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

3. கொடியில் தாங்கும் அளவுக்கு மட்டும் குலைகளை விட்டு, மிகுதியை இளம் பருவத்திலேயே நீக்க வேண்டும்.

4. ஒட்டுக் கன்றுகளை நம்பிக்கையான இடத்தில் வாங்கி, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இருக்குமாறு நட வேண்டும். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சோதனை செய்யப்படாத குச்சிகளைக் கொண்டு வரக் கூடாது. ஒரு வணிகரின் தோட்டத்தில் நட்ட சில கொடிகள் ஒரு நாட்டின் திராட்சையையே அழித்ததை மேலே கண்டோம்.

5. நோயைக் காணும்போது வாடிய செடியோடு, நலமாகத் தோன்றும் பக்கத்துச் செடியின் வேரையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடிந்து புறப்படும்போது அந்தப் பெரியவர், "மருந்தைக் கண்டுபிடிச்ச ஊர்க்காரன் மகசூலைக் குறைச்சா லாபம்ங்கிறான். எங்க ஊர்ல ஒருத்தன் மட்டும் குறைச்சா அவனைப் பைத்தியம்பாங்க சார்" என்றார். அவர் சொன்னது சரியே. ஒருவர் மட்டும் குறைத்தால் நட்டம். 1923-இல் அந்த ஊரார் செய்தது, எல்லோருமாகச் சேர்ந்து ஒரே நாளில் குறைத்துக் கொண்டதுதான். எனவே இக்கட்டுரையைத் தனியே படித்து வைத்துவிடாமல், அடுத்த முறை உங்கள் உழவர் குழு கூடும்போது அனைவர் முன்னும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.